மேட்டு ஓஸ் ஒழுகத்தான் வேணும்

மதினி,

கையில் சைக்கிள் டியூப் நாற்றம் இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், ம்ஹூம். போய்ச் சேர்ந்து நாலு மாதமாகியும் என்னை மலையேற விட்டு அலைக்கழிக்கிறாயே, இது உனக்கே நியாயமா?

செவ்வாய்க்கிழமையிலிருந்து ஓஸ் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஐப்பசியில் நான் வைத்த எலுமிச்சைக் கன்றுகளுக்கு இது முதல் கோடை. இலை சுருண்டு, தொட்டால் நொறுங்கியது. இன்னும் ரெண்டு நாள் விட்டால் பிடுங்கி அடுப்பில் வைக்க வேண்டியதுதான். மூன்று நாள் ஏறி இறங்கினேன். உச்சியில் ஊத்து நன்றாகத்தான் ஓடுகிறது. கீழே வந்தால் ஒன்றுமில்லை. உன்னைத் திட்டாத திட்டில்லை.

ஊத்தைக் காட்டியதே நீதானே. நம் ரெண்டு தோட்டத்திலும் போர் போட்டு வெறும் புழுதி வந்தபோது, உன் தோட்டத்து உச்சிப் பாறை இடுக்கில் கசிவதைக் காட்டினாய். "மேலயிருந்து கீழ வர்ற தண்ணிக்கு மோட்டாரு எதுக்கு புள்ள? ஓஸைத் தூக்கு." ஆளுக்கொரு சுருளைத் தலையில் வைத்து ஏறினோம். போடிமெட்டு ரோட்டில் போன ஜீப்புக்காரர்கள் நிறுத்தி நின்று சிரித்தார்கள். தண்ணீர் வந்த அன்று கட்டிய சேலையோடு ஓஸ் முனையில் தலையைக் கொடுத்து நின்றாய். உன்மேல் எனக்குக் கோபம் வராத ஒரே நாள் அதுதான்.

முறை வைத்ததும் நீதான். எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் இறங்குகிற முதல் ஜீப்பு வளைவில் ஹாரன் அடித்தால், ஓஸ் ரெண்டு தோட்டத்துக்கும் பிரிகிற இடத்து வால்வைத் திருப்ப வேண்டும். ஒருநாள் எனக்கு, மறுநாள் உனக்கு. சரி என்று நானும் தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லீவு, ஜீப்பு கிடையாது. வாரத்துக்கு ஆறே ஹாரன். அதனால் சனிக்கிழமை முறை எப்போதும் உன் பக்கமே விழுந்து, திங்கட்கிழமை சாயங்காலம் வரை உனக்கே ஓடியது. இது என் மரமண்டையில் ஏற ஒரு வருஷம் ஆனது. மூச்சிரைக்க ஓடிவந்து கேட்டால், "ஜீப்பு வரலையே ஆத்தா, நான் என்ன செய்ய?" என்று வெற்றிலையை மடித்தாய். அடிப்பாவி!

அப்படிப்பட்டவளை எப்படி நம்புவது? பாதி வழியில் ஓஸ் ஒரு மேட்டில் ஏறி இறங்குகிறதே, அங்கே ஒரு பொத்தல் இருந்தது. சொட்டுச் சொட்டாக ஒழுகும். ஒழுகுகிற இடத்தில் மிளகுக் கொடி வேறு நட்டிருந்தாய். அடைக்கப் போனால் கையைத் தட்டிவிட்டாய்.

"அது ஒழுகத்தான் வேணும். அதுல கை வைக்காத."

"ஏன் மதினி?"

"சோலியப் பாருடி."

இவ்வளவுதான் உன் விளக்கம். கொடிக்குத் தண்ணீர் திருடுகிறாய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். போன வாரம், இனிமேல் தடுக்க யார் இருக்கிறார்கள் என்று, டியூபை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். ஒரு சொட்டு கசியவில்லை. பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த மேட்டில் உட்கார்ந்து ஓஸைத் தூக்கிப் பார்த்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் கனம். இந்தப் பக்கம் காற்றாய்க் கிடந்தது. கோபத்தில் நான் கட்டிய டியூபை நானே அறுத்தேன். புஸ்ஸென்று காற்று இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு செருமியது, துப்பியது, முகத்தில் தண்ணீர் அடித்தது. காற்றுப் போக நீ விட்ட வழியைத்தான் நான் அடைத்துத் தொலைத்திருக்கிறேன். காத்து அடைக்கும் புள்ள என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் வாய் முத்து உதிர்ந்துவிடுமா? அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். எரிச்சலில்தான் என்று வைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை உன் முறை. கன்றுகள் கிடந்த கிடைக்கு அதையும் நானே எடுத்துக்கொண்டேன். இப்போது இலை விரிந்துவிட்டது, பிழைத்துக்கொள்ளும்.

உன் மகன் திருப்பூருக்குப் போகும்போதே, "அத்தை, இனி முழுத் தண்ணியும் நீங்களே பாச்சுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நல்ல பிள்ளை, உன்னைப் போல இல்லை. ஆனாலும் ஹாரன் கேட்டால் கை தானாக வால்வுக்குப் போகிறது. நேற்றும் போனது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உன் எலுமிச்சைக்குத் தண்ணீர் ஓடுகிற சத்தம் இங்கே கேட்கிறது. ஜீப்பு வரலையே மதினி, நான் என்ன செய்ய?