பொங்காலைச் செங்கல்

அம்மாவுக்கு ப்ரியாவின் நமஸ்காரம். அப்பாவின் இருமல் குறைந்ததா? முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாயா? நான் சௌக்கியம். போனில் சொன்னால் அழுவாய், அதனால் எழுதுகிறேன்.

ஆற்றுகால் பகவதிக்குப் பொங்காலையிடும் நாளன்று நானும் என்னோடு தங்கியிருக்கும் ஸ்நேகாவும் இங்கே வாசலில் மூன்று செங்கல் வைத்துப் பொங்கலிட்டோம். நம்மூரில் கல்லைத் தெருவிலேயே விட்டுவருவோமே, வீடில்லாதவர்களுக்கு வீடு கட்ட கார்ப்பரேஷன்காரர்கள் எடுத்துப்போவார்கள் என்று. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் விட்டுவிட்டோம். மறுநாள் சாயங்காலம் அதில் ஒன்று ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்று அதில் எழுதியிருந்தது. யாருக்கும் அடியில்லை, கவலைப்படாதே.

போலீஸ் ‘கண்ணாடி உடைப்பு’ என்று மட்டும் எழுதிக்கொண்டது. பக்கத்து நாட்டில் நம்மைப்போல் குடியேறிய ஒருவரின் கடையையே கொளுத்தினார்கள். அங்கே ‘மின்கசிவு’ என்று எழுதினார்களாம். வெறுப்பில் செய்ததை வெறுப்பென்றே எல்லா நாடும் பதிய வேண்டும், பதியாத நாட்டை ஐ.நா. கேள்வி கேட்க வேண்டும். இதற்காகப் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து மனு கொடுக்கிறோம். ஜெனீவாவில் ஐ.நா. கூட்டத்தில் நான் பேசப் போகிறேன். “நோக்கு என்னத்துக்குடீ இந்த வம்பு?” என்பாய். ஒதுங்கித்தானே இருந்தோம், அம்மா? கல் வந்ததே.

நம்மூர்ச் சாலைக்கடைத் தெருவில் நல்ல தடித்த திரைத்துணி வாங்கி அனுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் விளக்கு தெரியக்கூடாது. பார்சலில் என் பெயர் வேண்டாம், ஸ்நேகாவின் ஆபீஸ் விலாசம் போடு.

வேலைக்கு நேரமாகிறது. வாசலில் விட்ட மற்ற இரண்டு கல்லையும் தேடிப் பார்த்தேன். காணவில்லை.

ப்ரியா