வைக்காமல் விட்ட வட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இதைக் கொண்டுவருபவர் எங்கள் ஆய்வுக்கூடத்து டிரைவர் அண்ணன். வாசலில் காத்திருப்பார். படித்ததும் நம் வாண்டுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அவர் வண்டியிலேயே டாக்டரிடம் போ. சமையல் பாதியில் இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போ.

நான் கொடுத்த களிம்பை இனிமேல் அவள் புண்ணில் தடவாதே. அது மருந்தே இல்லை.

போன மாதம் உன் வீட்டில் என்ன அலட்டு அலட்டினேன்! வாண்டுவின் முழங்காலில் சீழ்ப்புண்ணைப் பார்த்ததும், இந்தக் கிருமியைத்தான் தினமும் தட்டில் வளர்க்கிறேன், நாங்கள் செய்த ரசாயனம் பட்டால் சுருண்டுவிடும் என்றேன். எதுக்கும் டாக்டரைப் பார்த்துடலாமே என்ற மாமாவை, என் தம்பிக்குத் தெரியாததா என்று வாயடைத்தாய்.

நடந்தது இதுதான். அந்தப் பொடி தண்ணீரில் கரையாது. ஸ்பிரிட்டில் கரைத்து, பொட்டளவு காகித வட்டில் விட்டு, உலர்த்தி, கிருமித் தட்டில் வைப்போம். கிருமி சாகிற இடத்தில் தெளிவாக ஒரு வளையம் விழும். கூடவே வெறும் ஸ்பிரிட் விட்ட வட்டு ஒன்றும் வைக்க வேண்டும். நேற்றுச் சேர்ந்த மாணவிக்குக்கூட இது தெரியும். பேர் வாங்கும் அவசரத்தில் நான் வைக்கவில்லை, சரியாக உலர்த்தவும் இல்லை. பத்து நாளுக்கு முன் எங்கள் மேடம் வைக்கச் சொன்னார். வெறும் வட்டைச் சுற்றியும் அதே வளையம். நன்றாக உலர்த்தி வைத்தால் இரண்டிலும் ஒன்றுமில்லை. கிருமியைக் கொன்றது உலராத ஸ்பிரிட்தான், பொடி இல்லை. அந்தப் பொடியைத்தான் வாசலினில் குழைத்து உனக்குக் கொடுத்திருந்தேன்.

பத்து நாளாக உன்னிடம் சொல்லாமல் இருந்தேனே, அதுதான் பெரிய வெட்கம். போன் செய்தால் நீ முதலில் சாப்பிட்டியா என்று கேட்பாய். சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன். இன்று காலை, புண் தொடை வரை ஏறிவிட்டது, காய்ச்சல் அடிக்கிறது, இன்னொரு டப்பா அனுப்பு என்றாய். டாக்டரிடம் போ என்றேன். நீ இருக்கும்போது டாக்டர் எதுக்குடா என்று சிரித்தாய். அப்போதும் உண்மையைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நானே வந்திருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

டப்பாவைத் தூக்கிப் போடாதே, டாக்டரிடம் காட்டு. யார் கொடுத்தது என்று கேட்பார். சின்ன வயதில் நான் உடைத்ததற்கெல்லாம் நீ அடி வாங்கினாய். இந்த முறையும் முந்திக்கொண்டு, நான்தான் எதையோ தடவினேன் என்று சொல்லிவிடாதே. என் தம்பி கொடுத்தான் என்று சொல், மாமா காதில் விழும்படி சொல்.

வாண்டு காய்ச்சல் விட்டு எழுந்து ஓட வேண்டும். அவள் கால் ஆறிய பிறகு, வா என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் வருகிறேன்.

உன் தம்பி