மாப்பிள்ளையும் அமுக்குணியும்

பிப்ரவரி 11

படம் முடிந்தது! புரதங்களெல்லாம் புள்ளிகள், ஒன்றோடொன்று ஒட்டுபவற்றுக்கு நடுவே கோடுகள். எது எதோடு ஒட்டும் என்று எப்படித் தெரியும் எனக் கேட்ட மகளிடம் தூண்டிலைச் சொன்னேன்: ஒரு புரதத்தைக் காந்தத் துகளில் கட்டி, செல்லை உடைத்த சாற்றில் முக்கி இழுப்போம், கூடவே ஒட்டி வருவது அதன் கூட்டாளி.

நட்டநடுவே ஒரு புள்ளி. எந்தத் தூண்டிலைப் போட்டாலும் அது வருகிறது. "இவருதான் மாப்பிள்ளையா? எல்லாரும் இவரையே சுத்தி நிக்கிறாங்க" என்று சிவப்பு அடித்தாள். மாப்பிள்ளையை வைத்துத்தான் கட்டுரை. மூன்று வருட உழைப்பு. தலைகால் புரியாத சந்தோஷம், ஒளிப்பானேன்?

பிப்ரவரி 13

ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் சந்தேகம். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எதையும் கட்டாம வெறும் துகளைப் போட்டுப் பார்த்தீங்களா?"

"போன வருஷமே போட்டாச்சு."

"அது பழைய டப்பா. நடுவுல துகளை மாத்தினீங்களே?"

"துகள்னா துகள்தானே!" வெடுக்கென்று சொல்லிவிட்டேன். நல்ல நாளும் அதுவுமாக இந்த மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா?

பிப்ரவரி 14

மாற்றினோம்தான்.

பிப்ரவரி 18

புது டப்பா, வெறும் துகள், அதில் எதுவுமே கட்டவில்லை. மாப்பிள்ளை ஜம்மென்று வந்து நிற்கிறார்! ஐயோ – இத்தனை நாளும் துகளோடு ஒட்டிக்கொண்டல்லவா வந்திருக்கிறார்? கழிவறையில் போய் அழுதேன்.

வீட்டில், "எல்லாம் போச்சு" என்றேன். கணவர் பாத்திரம் தேய்த்தபடி, "முழுசாவா போச்சு? மிச்சம் என்ன இருக்குன்னு பார்த்தியா?" என்றார். எரிந்து விழுந்தேன். பாவம், என் பாத்திரத்தையும் அவர்தான் தேய்த்தார்.

பிப்ரவரி 20

மாப்பிள்ளையை அழித்தேன். படம் கல்யாணம் முடிந்த மறுநாள் வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஓரத்தில் ஒரு புள்ளி. நாங்கள் முதலில் ஆராயத் தொடங்கிய எங்கள் புரதத்தைத் தூண்டிலாகப் போட்டபோது மட்டும், ஒவ்வொரு முறையும் கொஞ்சமே கொஞ்சம் வந்திருக்கிறது. பழைய துகளிலும் உண்டு, புதிதிலும் உண்டு. வெறும் துகளில் மட்டும் இல்லை. மாப்பிள்ளையின் ஆர்ப்பாட்டத்தில் இதை நான் கண்டுகொள்ளவே இல்லையே. சரியான அமுக்குணி!

பிப்ரவரி 21

வெட்கத்தை விட்டுச் சந்தேகத்திடம் போய்க் காட்டினேன். "நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை இல்லை. "இப்போ திருப்பிப் போடுங்க. அமுக்குணியைக் கட்டி இழுத்தா உங்க ஆளு வரணுமில்ல?"

வரணும்தான். வராவிட்டால்?

மார்ச் 9

வந்தது.

மார்ச் 16

மறுபடியும் போட்டோம், இரண்டு பேருமாக. வந்தது. வெறும் துகளில் இல்லை. சந்தேகம் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன், முன்பல் ஒன்று சாய்ந்திருக்கிறது. வீட்டுக்குப் போகும் வழியில் கணவருக்குப் பிடித்த காப்பித்தூள் வாங்கினேன். எதற்கென்று கேட்டார். "சும்மாதான்."

ஜூன் 2

கட்டுரை தயார். மகள் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "ரெண்டே பேரா? மாப்பிள்ளை எங்கம்மா?"

"ஓடிட்டாரு."

சந்தேகத்திடம் கொடுத்தேன். நாள் முழுக்க வரிவரியாகப் படித்தார். எத்தனை ஓட்டை கண்டுபிடிக்கப்போகிறாரோ? மாலையில், கட்டுரை எழுதியவர்களின் பெயர்கள் இருக்கும் முதல் பக்கத்தைத் திருப்பி வைத்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"என் பேரு எதுக்கு?"

அவர் இதுவரை கேட்டதில் எனக்கு உடனே பதில் தெரிந்த கேள்வி இது ஒன்றுதான்.