இன்னும் ஒரே ஒரு சுத்து

இன்று காலை பால் வாங்கக் கீழே இறங்கினேன். நம் மகள் கவிதா குடியிருக்கும் இந்த அடுக்குமாடியில் வண்டிகள் எல்லாம் தரைக்குக் கீழேதான் நிற்கின்றன. லிஃப்டுக் கதவு திறந்ததுமே அந்த வாசம் அடித்தது. சூடான இரும்பில் என்ஜின் ஆயில் சொட்டிக் கருகுகிற வாசம். எந்த வண்டி என்று தெரியவில்லை, தண்ணீர் லாரியாக இருக்கலாம். கவிதாவுக்கு ஒதுக்கிய இடங்களில் ஒன்று காலியாகக் கிடக்கிறது. அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். தரையில் ஒரு கறைகூட இல்லை. நம் கார் அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். ஏன் நிற்கவில்லை என்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களிடம் சொல்லாமல் எத்தனை நாளைக்கு வைத்திருப்பது?

அந்தக் கார் உங்கள் ஆசை. பீளமேட்டில் ஒரு மில்காரர் வீட்டுக் கொட்டகையில் தூசி தின்றுகொண்டு நின்ற வண்டி. நம் கைக்கு வரும்போதே அதற்கு வயதாகிவிட்டது. நீங்கள் மருந்துக் கடைக்காரர், ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாது. நான் மோட்டார் கம்பெனி அசெம்பிளியில் இருந்தவள், பம்புக்குப் பேக்கிங் வைத்து மூடியே காலம் தள்ளியவள். ஆக, வாங்கியது நீங்கள், கட்டி அழுதது நான். வீட்டில் எல்லாமே இந்த லட்சணத்தில்தான் நடக்கிறது என்று நான் சொன்னால், "ஆமாங்க அம்மணி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுவீர்கள்.

என்ஜினுக்கு மேலே குப்புறக் கவிழ்த்த தட்டம் மாதிரி ஒரு தகர மூடி, டேப்பட் கவர். அதற்கும் என்ஜினுக்கும் நடுவே கார்க் பேக்கிங். அது ஒழுங்காக உட்கார்ந்தால் ஆயில் உள்ளே நிற்கும், இல்லையென்றால் ஓரமாகக் கசிந்து சைலன்சர் குழாயில் சொட்டும். பேக்கிங் மாற்றுவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. பழசைத் துணுக்கு உள்ளே விழாமல் சுரண்டி எடுக்க வேண்டும். பசையை மூடிப் பக்கம் மட்டும் தடவ வேண்டும், அப்போதுதான் அடுத்த முறை கழற்ற வரும். நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். கார்க் லேசாக அமுங்கியது கைக்குத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இந்த நிறுத்துவது மட்டும் உங்களுக்கு வரவே வராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேலை செய்ய, நீங்கள் டார்ச் பிடிப்பீர்கள். திருப்பூர் பனியன் துணியைக் கிழித்துக் கிழித்துக் கொடுப்பீர்கள். எல்லாம் முடித்து நான் கை கழுவப் போனால், முதுகுக்குப் பின்னால் ஸ்பேனர் சத்தம் கேட்கும்.

"ஏனுங்க, அங்க என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல அம்மணி. இன்னும் ஒரே ஒரு சுத்து. சும்மா, மனசுக்கு."

"உங்க மனசுக்கு முடுக்குனா கார்க்கு நசுங்கிப்போயிருமுங்க. உடுங்க, போதும்."

"நான் பதமாத்தான் முடுக்குனேன்."

மறுநாள் காலையில் வண்டிக்கடியில் விரித்திருந்த அட்டையை உருவிக்கொண்டு நேராக அடுப்படிக்கு வருவீர்கள். பரீட்சையில் பாஸான பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு சொட்டுதான் அம்மணி" என்பீர்கள். அட்டையில் இட்லி அகலத்துக்குக் கறை இருக்கும். நான் தோசைக் கரண்டியோடு திரும்பி ஒரு பார்வை பார்ப்பேன். அந்தப் பார்வைக்காகவே அட்டையைக் கொண்டுவந்தீர்களோ என்று இப்போது தோன்றுகிறது.

காரில் மட்டுமா? கடையில் மருந்து பாட்டிலைக் கொடுக்குமுன் மூடியை இன்னொரு முறை திருகித்தான் கொடுப்பீர்கள். பஸ்ஸில் போகிற சனம், பையில் கொட்டிவிடும் என்று கவலை. "அண்ணா, மூடி தொறக்கவே வரலீங்க, புள்ளைக்குக் காய்ச்சலுங்க" என்று அதே சனம் பாட்டிலோடு திரும்பி வந்து நிற்கும். வீட்டில் குழாய், ஊறுகாய் பாட்டில், டிபன் பாக்ஸ், எது திறக்க வராவிட்டாலும் யார் வேலை என்று விசாரிக்க வேண்டியதே இல்லை. "அம்மா, அப்பா மறுபடியும் இறுக்கிப்போட்டாரு" என்று கவிதா தூக்கிக்கொண்டு வருவாள். நான் சேலைத் தலைப்பைச் சுற்றித் திருகித் திறப்பேன், உங்களைத் திட்டிக்கொண்டே.

ஒருமுறை சென்னிமலைக்குப் போனோம். மலைப்பாதை ஏறும்போது கருகல் வாசம் வண்டி முழுக்கப் பரவியது. அதற்கு முந்தின வாரம்தான் புதுப் பேக்கிங் வைத்திருந்தேன். நீங்கள் வண்டியை ஓரம் கட்டி, ஆயில் ஊற்றிக்கொண்டே, "எனக்கு இந்த வாசம் புடிச்சிருக்குது அம்மணி. வண்டி கூடவே இருக்குதுன்னு தெரியுதில்ல?" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்தில் மலை ஏறி இறங்கும்வரை உங்களோடு பேசவில்லை. முருகன் சன்னதியில் விபூதியைக்கூட உங்களிடம் நீட்டாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் தெளிவாகப் பேசியதும் ஒரு சொட்டைப் பற்றித்தான். தலைமாட்டில் தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது சொட்டீட்டே இருக்குது அம்மணி. பேக்கிங் மாத்தோணுமாட்ட இருக்குது" என்றீர்கள். நான் சிரிக்கவில்லை. டாக்டர் வெளியே கூப்பிட்டுச் சொன்னது காதில் அப்படியே நின்றது. ஆனாலும் சிரித்திருக்கலாம்.

நீங்கள் போன பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வரச் சொன்னாள் கவிதா. காரைக் கொண்டுவரலாமா என்று அசோசியேஷனில் கேட்டாள். ஆயில் சொட்டுகிற வண்டிக்கு இடம் கிடையாது, தரை வழுக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் என்னிடம் நியாயமாகத்தான் பேசினாள். "கசிவு நின்னுச்சுன்னா கொண்டாந்துரலாம்மா. நிக்கலைன்னா உடுமலையில ஒருத்தர் கல்யாண வண்டிக்குக் கேக்குறாரு, குடுத்துரலாம்."

எனக்கு அந்தக் கார் வேண்டும். ஓட்டத் தெரியாவிட்டால் என்ன? தினமும் கீழே வந்து, கதவைத் திறந்து, உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டுப் போனால் போதும். அதைவிடப் பெரிய ஆசை எதுவும் எனக்கு மிச்சமில்லை.

அதனால் நானே பானெட்டைத் திறந்தேன். டேப்பட் கவரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துத் திருப்பினேன். ஒவ்வொரு நட்டு ஓட்டையைச் சுற்றியும் தகரம் குழிந்திருந்தது. எல்லாம் நீங்கள் முடுக்கிய முடுக்கு. ஓட்டைகள் இருக்கும் இடம் கீழே அமுங்கி, இடைப்பட்ட விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. அதனால்தான் எந்தப் பேக்கிங் வைத்தாலும் ஒழுகியிருக்கிறது. அந்தக் குழிகளில் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். இத்தனை வருடம் நான் கை கழுவப் போன நேரமெல்லாம் அங்கே இருந்தது.

கசிவு நிற்க வேண்டுமென்றால் குழிகளை நிமிர்த்தியாக வேண்டும். மரக்கட்டை மேல் கவரை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். தட்டத் தட்ட அழுகை வந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா காம்பவுண்டுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏனுங்க அக்கா, ஒரு ஆளைக் கூப்புட்டிருக்கலாமில்லீங்க?" என்றாள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுபோச்சுங்க" என்றேன். உண்மையிலேயே முடிந்துவிட்டது. கவர் கடையில் வாங்கிய புதுசு மாதிரி தட்டையாகிவிட்டது.

புதுக் கார்க்கை ஒட்டி, கவரைப் பொருத்தி, நடுவிலிருந்து முடுக்கினேன். கார்க் அமுங்கியதும் நிறுத்தினேன். என்ஜினை ஓடவிட்டேன். வாசமே இல்லை. மறுநாள் காலை அட்டையை உருவினேன். ஒரு பொட்டுகூட இல்லாமல் காய்ந்து கிடந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு என்னையறியாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே யார் இருக்கிறார்கள்? நான் சொன்னதுதான் சரி. அத்தனை வருடமும் நான் சொன்னதுதான் சரி. அதை ஒத்துக்கொள்ளாமல் மழுப்ப ஒரு ஆள் இல்லாமல் அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கவிதா அடுத்த நாள் காலையில் வந்து பார்ப்பதாக இருந்தது. அன்று சாயங்காலம் மறுபடியும் பானெட்டைத் திறந்தேன். பின்பக்க மூலையில் இருக்கும் நட்டில் ஸ்பேனரை மாட்டினேன். இன்னும் ஒரே ஒரு சுத்து. கார்க் பிதுங்கியது கைக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தேதான் முடுக்கினேன். அந்தக் காய்ந்த அட்டையை என்னால் இன்னொரு நாள் பார்க்க முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான். பிறகு என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். வாசம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வாசம் மட்டும்தான் வந்தது.

காலையில் கவிதாவே குனிந்து அட்டையை உருவினாள். இட்லி அகலத்துக்குக் கறை. "என்னம்மா, நின்னுபோச்சுன்னு போன்ல சொன்னீங்க?" என்றாள். இன்னொரு பேக்கிங் வைத்தால் நின்றுவிடும் என்று சொல்ல வாய் வரவில்லை. நிறுத்தினால் உங்கள் அடையாளம் இல்லை, நிறுத்தாவிட்டால் கார் இல்லை. இதில் எதைச் சொல்லி எதைக் காப்பாற்றுவது? அவள் என் தோளைத் தடவிவிட்டு உடுமலைக்காரருக்குப் போன் செய்தாள். அவர்கள் வந்து ஓட்டிக்கொண்டு போனபோது தெருமுனைவரை வாசம் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

பாலை வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். மத்தியானம் தயிர்ச் சோற்றுக்கு ஊறுகாய் எடுக்கப் போன கவிதா பாட்டிலோடு மல்லுக்கட்டினாள். "தொறக்கவே வரல. யாரும்மா இப்புடி இறுக்கிப்போட்டது?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கும் உறைத்தது.

"நான்தான் கண்ணு" என்றேன். "கொண்டா, நான் தொறக்கறேன்."

சேலைத் தலைப்பைச் சுற்றித் திருகிப் பார்த்தேன். எனக்கும் திறக்க வரவில்லை.