மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவர்

என் அன்புக்குரிய இஞ்சாருங்கோ,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கிழமை, தலை நரைத்த ஒரு டெனிஷ்காரி உங்கள் கம்பளித் தொப்பியோடு நம் பிரெடெரிசியா வீட்டு வாசலில் வந்து நின்றாள். பக்கத்துத் தேவாலயத்தைத் திறந்து பூட்டுகிறவளாம். வியாழக்கிழமை தோறும் நீங்கள் அங்கே வந்து உட்கார்ந்திருப்பீர்களாம். வியாழனில் பக்டரியில் கூடுதல் வேலை என்றல்லவா என்னிடம் சொன்னீர்கள்?

தொப்பியை முகர்ந்து பார்த்தேன். வேறு என்ன செய்ய? உங்களை இழுத்தது அவளா, அவளுடைய சாமியா? ஞானஸ்நானம் எடுத்த மனிதருக்கா நான் விபூதி பூசி அனுப்பிவைத்தேன்? சோறு இறங்கவில்லை எனக்கு.

அடுத்த வியாழன் நம் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் டெனிஷில் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். “நீ அப்பான்ரை பக்கம்தானே, பேசாமல் வா” என்றேன்.

சுவரில், ஈரச் சுண்ணாம்பில் தீட்டிய பழைய ஓவியம். யேசு தன் சீடர்களோடு உண்ட கடைசி விருந்து. வாசலில் நின்று பார்த்தால் மேசை சரிந்து கிடக்கிறது. நீங்கள் வழக்கமாக இருப்பது என்று அந்த டெனிஷ்காரி காட்டிய நாற்காலியில் நான் இருந்ததும் மேசை நேராகி, சுவரே ஓர் அறையாக உள்ளே போய்விட்டது. கள்ள வேலை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லாரும் மேசைக்கு அந்தப் பக்கம். ஒருவர் மட்டும் இந்தப் பக்கம், நமக்கு முதுகு காட்டியபடி, கையில் சுருக்குப் பையோடு. அவருக்கு மட்டும் தலையில் ஒளிவட்டம் இல்லை.

“உவர்தான் பரிமாறுறவர் போல கிடக்கு” என்றேன். மகள் அதை டெனிஷில் சொல்ல, அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

“உன் கணவரும் இதையேதான் சொன்னார். என் மனைவியும் இப்படித்தான் நிற்பாள், ஒருநாளும் என்னோடு இருந்து சாப்பிட்டதில்லை என்றார். அவளைப் பார்க்கத்தான் வருகிறேன் என்றார். வீட்டில் பார்க்க முடியாதா என்று கேட்டேன். அங்கே அவள் ஓடிக்கொண்டே இருப்பாள் என்றார்.”

அழுதுவிட்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, உண்மையில் அவர் யார் என்று கேட்டேன்.

“யூதாஸ். காட்டிக்கொடுத்தவன்.”

“எங்கடை இவருக்கு அது தெரியுமோ?”

“முதல் நாளே சொன்னேன்.”

தெரிந்துகொண்டுமா என்னை அங்கே நிறுத்தினீர்கள்? அல்லது, யாராக இருந்தாலும் நிற்கிறவருக்கும் பசிக்கும் என்று நினைத்தீர்களா? “நீயும் வந்து இரன்” என்று நீங்கள் கூப்பிட்டதெல்லாம் இப்போதுதான் காதில் விழுகிறது.

ஆண்டுத் திவசத்தன்று மகள் பரிமாறட்டும். உங்கள் படையல் இலைக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் இலை போட்டு, இருந்து சாப்பிடுவேன். இது சத்தியம். அதுவரை வியாழக்கிழமைகளில் உங்கள் நாற்காலியில் நான் இருப்பேன். அந்த டெனிஷ்காரி மீதும் ஒரு கண் இருக்கும்.

சந்தேகம் இன்னும் முழுதாகத் தீராத,
உங்கள் வீட்டுக்காரி