வயர் இல்லாத கீபோர்டும் தீபாவளி மலரும்

13 அக்டோபர், புதன்

காலையிலேயே புழுக்கம். ஜன்னலுக்கு வெளியே புது ஸ்டேஷன் கட்டுற இடத்துல தூண் இறக்குற பைலிங் சத்தம், டும் டும்னு. மண்டைக்குள்ளயே இடிக்கிற மாதிரி.

படுத்துக்கிட்டே எழுதறேன். கையெழுத்து கண்றாவி. பாசார்ல மீன் கடை முன்னாடி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு விரிசல் விட்டுருச்சு. டாக்டரம்மா கறாரா சொல்லிட்டாங்க: தீபாவளி வரைக்கும் உட்காரவே கூடாது. தலகாணி வச்சு சாயலாம், அவ்வளவுதான்.

ஆனா 22-ம் தேதி வெள்ளிக்கிழமை தீபாவளி மலர் பக்கமெல்லாம் மாணிக்கம் அண்ணே பிரஸ்ஸுக்குப் போகணும். கம்ப்யூட்டர் வந்ததுல இருந்து இந்த மலரை நான்தான் வீட்டுல இருந்தே டைப் அடிக்கிறேன். வேற யாரும் தொட்டதில்ல. தொட விடவும் மாட்டேன்.

எங்க வீட்டுக்காரர் நீள வயர் ஒண்ணு வாங்கிட்டு வந்து கீபோர்டை மேசையில இருந்து கட்டில் வரைக்கும் இழுத்தார். இன்னிக்குக் காலையில அவரே அதுல தடுக்கி விழுந்தார். கீபோர்ட் என் வயித்து மேல இருந்து பறந்து சுவத்துல மோதி, எழுத்தெல்லாம் பல்லு மாதிரி கொட்டிருச்சு. முழங்கால் வீங்கிப்போய், நொண்டிக்கிட்டே போர்ட் கிள்ளானுக்கு லோரி எடுக்கப் போயிருக்கார். பாவம். சிரிப்பும் வருது.

14, வியாழன்

வந்துருச்சு! வயர் இல்லாத கீபோர்ட், வயர் இல்லாத மவுஸ். அவர் வேலை முடிஞ்சு வர்ற வழியில சீனர் கடையில வாங்கியிருக்கார். பேரே கேள்விப்படாத கம்பெனி. கூட ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதுதான் ரிசீவர். அதோட ரெண்டு வயரையும் கம்ப்யூட்டர் பின்னாடி சொருகணும்.

அவர் தம்பி ரவி வந்தான். ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பார்க்கிறவன், வாய் நீளம். "அண்ணி, இது கம்ப்யூட்டர் கம்பெனி சாமான் இல்ல. ஒட்டாது லா. காசுக்குப் பிடிச்ச கேடு."

முதல்ல ஒட்டலதான். ரவிக்கு என்னா சந்தோஷம்! பார்த்தா ரவி துரையே கீபோர்ட் வயரை மவுஸ் ஓட்டையில சொருகியிருக்கார். மாத்திப் போட்டதும் ஓடுச்சு. வயித்து மேல கீபோர்ட். பக்கத்துல பிஸ்கட் டின் மூடி, அது மேல மவுஸ். மகாராணி மாதிரி இருந்துச்சு எனக்கு.

15, வெள்ளி

மழை. நல்ல வேலை ஓடுச்சு. வாழ்த்துப் பக்கம் முடிஞ்சது. ஒரு நகைக்கடை விளம்பரம், ரெண்டு துணிக்கடை.

தெரிஞ்சுக்கிட்டது: பேக்ஸ்பேஸ் குட்டியா இருக்கு, விரல் தவறுது. இன்னொண்ணு, இதுவும் டிவி ரிமோட் மாதிரிதான். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவுல ஆள் நின்னா எழுத்து வராது. பக்கத்து வீட்டு மேரி அக்கா கஞ்சி கொண்டுவந்து நடுவுலயே நின்னு கதை பேசறாங்க. "அக்கா, தள்ளி நில்லுங்க, மறைக்குது!" நாள் பூரா இதே பாட்டு.

17, ஞாயிறு

மவுஸ் செத்துப்போச்சுன்னு பதறிட்டேன். பேட்டரியே இல்ல உள்ள! அவர் பேட்மிண்டன் பார்க்க ரிமோட்டுக்குப் போட்டிருக்கார். "ஒரு மேட்ச்தானே வசந்தா." திட்டின திட்டுல மேரி அக்கா எட்டிப் பார்த்தாங்க.

18, திங்கள். ஆயுத பூசை

இன்னிக்கு மிஷினுக்கு லீவு. படுத்துக்கிட்டே அதிகாரம் பண்ணினேன், அவர் செஞ்சார். அரிவாள்மணை, தையல் மிஷின், லோரி சாவி, கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் பொட்டு. "என்னங்க, கீபோர்ட், மவுஸ், அந்தக் கறுப்புப் பெட்டி, எதையும் விட்டுறாதீங்க. சந்தனத்தை நல்லா குழைச்சு வைங்க." மனுஷன் தாராளம். கடலை, பொரி, அவல். சாம்பிராணிப் புகையில இருமல்.

நாளைக்கு விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து முதல் எழுத்து அடிக்கணும்.

19, செவ்வாய்

விஜயதசமி. ஈரத்துணியால உடம்பு துடைச்சு விட்டாங்க மேரி அக்கா. சாமி கும்பிட்டு ஒரு எழுத்து அடிச்சேன். வரல. மறுபடி. வரல. மவுஸும் அசையல.

இன்னிக்குப் போய் இப்படியா! அவர்கிட்ட சொல்ல வாய் வரல.

20, புதன்

ரவி வந்தான். பேட்டரி மாத்தினான். வயரை உருவிச் சொருகினான். ஆன், ஆஃப், ஆன். கடைசியில கையைத் தட்டிக்கிட்டு, "செத்துருச்சு அண்ணி. நான்தான் அன்னிக்கே சொன்னேனே. சனிக்கிழமை வயர் உள்ளதா நல்லது வாங்கித் தரேன்."

சனிக்கிழமை எனக்கெதுக்குடா?

பிரஸ் மாணிக்கம் அண்ணே போன். மறைக்காம சொல்லிட்டேன். அண்ணே சொன்னது: "உடம்பைப் பாரும்மா. கிள்ளான்ல ஒரு பொண்ணு இருக்கு, வேகமா அடிக்குது. நாளைக்கு வந்து, இதுவரைக்கும் அடிச்சு வச்சிருக்கிற டிஸ்கெட்டை எடுத்துக்கறேன். உள் பக்கத்துல அடிச்சவங்க பேர் போட வேணாம், காலியா விட்டுரு."

காலியா விடணுமாம். என் பேரை.

சோறு இறங்கல. அழுதேன். அழக்கூட நிமிர்ந்து உட்கார முடியல, காதுக்குள்ள போகுது கண்ணீர். சீ.

21, வியாழன்

சந்தோஷம் தாங்கல. ஒழுங்கா எழுதறேன்.

காலையில அண்ணே வந்தார். மேரி அக்கா கதவு திறந்து விட்டாங்க. டிஸ்கெட்டைச் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டார். போகாம மேசை முன்னாடியே நின்னு ஆறுதல் சொல்லிக்கிட்டிருக்கார். எனக்கோ எரிச்சல். பழக்க தோஷத்துல வாய் தானா சொல்லுது, "அண்ணே, தள்ளி நில்லுங்க, மறைக்குது!"

அவர் நகர்ந்தார். சொன்ன வார்த்தை என் காதுலயே விழுந்துச்சு. எதை மறைக்குது? பார்த்தேன். மேசை மேல கறுப்புப் பெட்டி என்னையே பார்க்குது. அதோட கண்ணாடி மூஞ்சியில, நட்ட நடுவுல, எங்க வீட்டுக்காரர் குழைச்சு அப்பின சந்தனம். காஞ்சு கல்லாட்டம். மேல குங்குமம் வேற.

அலாமாக்! சாமி கண்ணைத் திறக்கும்னு பார்த்தா, நான் பெட்டியோட கண்ணையே மூடி வச்சிருக்கேன்!

"அண்ணே, அந்தச் சந்தனத்தை எடுங்க!"

"விளையாடறியா? பூசைக்கு வச்ச பொட்டும்மா."

"எடுங்கண்ணே, பாவமெல்லாம் என் தலையில!"

நகத்தால நெம்பினார். கீழே போட மனசில்லாம, எச்சில் தொடாம தண்ணியில குழைச்சுத் தன் நெத்தியிலயே வச்சுக்கிட்டார். கைக்குட்டையால கண்ணாடியைத் துடைச்சார்.

அடிச்சேன். வந்துச்சு! முருகான்னு அடிச்சேன், முருகான்னு வந்துச்சு. மவுஸை ஆட்டினேன், திரையில துள்ளுது. மேரி அக்கா "இயேசுவே!"ன்னாங்க. நான் கத்தின கத்துல பைலிங் சத்தமே கேக்கல.

அண்ணே சட்டைப் பையில இருந்து டிஸ்கெட்டை எடுத்தார், கட்டில் மேல வச்சார். "நாளைக்குச் சாயங்காலம் வரேன்"னார். கிள்ளான் பொண்ணைப் பத்திப் பேச்சே இல்ல.

அண்ணே போனதும் மேரி அக்காகிட்ட பெட்டித் தலையில புதுப் பொட்டு வைக்கச் சொன்னேன். சின்னதா. கண்ணுக்கு மேல.

22, வெள்ளி

முடிஞ்சது. விரலெல்லாம் வலி, இனிக்குது.

ரவி போன். கீபோர்ட் ஓடுதுன்னு அண்ணன் சொல்லிட்டாராம்: "அண்ணி, அந்தக் கீபோர்ட் எந்தக் கடை? எங்க மேனேஜர் கேக்கறார்." ஒட்டாதுன்னு சொன்னியேடா, உங்க மேனேஜருக்கு மட்டும் ஒட்டுமான்னு கேட்டேன். "சும்மா சொன்னேன் லா." அப்புறம்தான் கடை பேரைச் சொன்னேன்.

உள் பக்கம் கடைசியா அடிச்சேன். "கணினி அச்சு: வசந்தா." அண்ணே பேரை விட ஒரு சுத்து பெருசா. கண்டுபிடிச்சா பார்த்துக்கலாம்.

அண்ணே வர்ற நேரம். மழை இருட்டிக்கிட்டு வருது. ஹால்ல அவர் சோபாவையே புரட்டறார். டிவி ரிமோட் வேலை செய்யலையாம், இன்னிக்கு மேட்சாம். "வசந்தா, ரிமோட் பேட்டரியைப் பார்த்தியா?"

மவுஸுக்குள்ள இருக்கு. சொல்ல மாட்டேன்.