ஞாயிற்றுக்கிழமை வரை அவர் காத்திருக்கட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முனகுகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நலமாக இருக்க வேண்டும். முதலில் உறுதியான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீ கட்டிக்கொள்ள நினைக்கிற பையனுடைய அப்பா இன்று மதியத்துக்குள் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு மூன்று தடவை போன் செய்து, தன் நாடகத்துக்கு நான் எழுதிய விமர்சனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். சொன்னது வரவேற்பு மேசைப் பெண். மூன்றாவது தடவை குரல் நன்றாக இறங்கிவிட்டதாம், தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கம்மா என்றாராம். அவளுக்கு வயது இருபத்திரண்டு. அடுத்த தடவையும் வெளியே போயிருக்காங்கன்னு சொல்லு என்று, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்தபடி சொல்லிக்கொடுத்தேன்.

நீ விடுமுறையில் வந்து அவர்கள் வீட்டுக்குப் போய்வந்த பிறகு இரண்டு வாரம் பதிலே இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் நீ ஈரக் கையோடு ஓடிவந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீ திரும்பிப் போன மறுநாள்தான் அவர் போனில் அப்பாவைக் கூப்பிட்டார். உங்க பொண்ணு நல்ல பொண்ணுதான் சார், ஆனா எங்களை அண்டர்வெல்ம் பண்ணிட்டா என்றார். அப்பா போனை வைத்துவிட்டு, என்னமோ பண்ணிட்டாளாமே, என்ன பண்ணினா என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் கொலை, தீ, தேர்தல், உடைந்த தண்ணீர்க்குழாய் என்று எழுதியிருக்கிறேன், எதற்கும் அந்த வார்த்தை தேவைப்பட்டதில்லை. எங்கள் உதவி ஆசிரியர் ஒருவனை எல்லோரும் அகராதி என்றுதான் கூப்பிடுவோம், அவனிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, எதிர்பார்த்த அளவுக்குத் தேறலைன்னு அர்த்தம்க்கா, திட்டின மாதிரியும் இருக்காது, சும்மா விட்ட மாதிரியும் இருக்காது, யாரைச் சொன்னாங்க என்றான். ஒரு நாடகத்தை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஊராருக்கெல்லாம் பல் செய்து பொருத்துகிற கை உனக்கு. சுவர் முழுக்கத் தன் மேடைப் படங்களை மாட்டிவைத்திருக்கிற அறையில் உன்னை உட்காரவைத்து, நான் நடிச்சதுல உனக்குப் பிடிச்சது எதும்மா என்று கேட்டாராம். நீ, எதையும் பார்த்ததில்ல அங்கிள் என்றாயாம். உள்ளதைச் சொன்னாய். அதற்குத்தான் இந்தப் பட்டம்.

போன வாரம் நாடகப் பக்கம் எழுதுகிறவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, அழைப்பிதழ் என் மேசைக்கு வந்தது. பார்த்தால் முக்கிய வேடம் இவர். ஆசிரியரிடம் போய், இவங்களோட எங்களுக்கு ஒரு சம்பந்தப் பேச்சு நடந்து கசந்துபோச்சு என்று சொன்னேன். வேற ஆள் இல்ல, உள்ளதை எழுது, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நான் படிச்சுப் பார்க்கிறேன் என்றார். நானும் அந்த வார்த்தையைப் பேனா மூடிக்குள் வைத்துக்கொண்டு போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். கடைசி வரியாக அதை வைத்து ஆளை முடித்துவிடுவது என்று திட்டம். என் கெட்ட நேரம், மனுஷன் நன்றாக நடித்தார். மகன் கூட்டிவந்த, யாருமில்லாத ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப்போகிற கிழவர் வேடம். அரங்கமே மூக்கை உறிஞ்சியது. எனக்கும் கண் கலங்கியது, அதனாலேயே இன்னும் ஆத்திரம் வந்தது. இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்ததை வீட்டில் ஒரு மத்தியானம் செய்திருக்கக் கூடாதா?

விமர்சனம் எழுதும் முன் நடிகர்களின் பெயர்களை நேரில் சரிபார்ப்பது எங்கள் பத்திரிகை வழக்கம், அதனால் ஒப்பனை அறைக்குப் போனேன். கண்ணாடி முன்னால் எண்ணெய்ப் பஞ்சால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்திரிகை என்றதும் மலர்ந்து, எப்படி இருந்தது மேடம் என்றார். எல்லாப் பெயரையும் எழுதி முடித்துவிட்டு, நான் யாருடைய அம்மா என்று சொன்னேன். பாதி முகம் கிழவர், பாதி முகம் இவர், பஞ்சு கன்னத்திலேயே நின்றுவிட்டது. நான் ஏதோ பேச்சுவாக்குல என்று ஆரம்பித்தார். பரவாயில்ல சார், உங்களால ஒரு வார்த்தை கத்துக்கிட்டேன், எங்கே போட்டா பொருந்தும்னுதான் பார்த்துட்டிருக்கேன் என்றேன். விமர்சனத்துல வருமா என்று கேட்டார். ஞாயித்துக்கிழமை படிங்க என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

விமர்சனம் எழுதிவிட்டேன், ஆசிரியரும் படித்துச் சரி சொல்லிவிட்டார். அந்த வார்த்தை அதில் இல்லை. நன்றாக நடித்தார் என்றே எழுதியிருக்கிறேன், பொய் எழுதுகிற அளவுக்கு அவர் எனக்கு முக்கியமில்லை. ஆனால் அது அவருக்கு இப்போதே தெரியக் கூடாது. நீ இரண்டு வாரம் போன் பக்கத்தில் தவித்தாய், அவர் நாலு நாள் தவித்தால் தேய்ந்துவிட மாட்டார். அம்மா ஏதாவது செய்து காரியத்தைக் கெடுத்துவிடாதே என்று நீ சொன்னதை மறக்கவில்லை. கெடுக்கவில்லை, கொஞ்சம் வேகவைக்கிறேன், அவ்வளவுதான். பையனிடம் மூச்சு விடாதே.

நீ நினைத்த வாழ்க்கை நினைத்தபடி அமைய அம்மா அப்பா இருவரின் ஆசிகள். குளிரில் தலையை மூடாமல் வேலைக்குப் போகாதே. தபால் போய்ச்சேர நாளாகும் என்பதால் அப்பா இதைப் படமெடுத்துப் போனில் அனுப்புகிறார், படித்ததும் அழித்துவிடு. பத்திரிகை ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவர் வாசலில் விழும். திங்கட்கிழமை பையன் தன் அப்பாவிடம் உனக்காகப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறான் என்றாயே, அது இன்னும் பாக்கி. பேசினானா, என்ன பேசினான் என்று அன்று இரவே எனக்குச் சொல். அவனிடம் நான் நிறைய எதிர்பார்க்கிறேன். அந்த வார்த்தையை இன்னும் செலவழிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா